தின்னாத பழம்

பழக்கிடங்கில் அவளை எல்லோரும் மூக்கக்கா என்றே கூப்பிட்டார்கள். சொந்தப் பெயரைச் சொல்லி யாராவது அழைத்தால், யாரை அழைக்கிறார்கள் என்று அவளே ஒரு கணம் திரும்பிப் பார்ப்பாள்.

வாழைக்காய்கள் அட்டைப்பெட்டிகளில் பச்சையாக வந்து இறங்கும். அவற்றைக் காற்றுப் புகாத அறைகளில் அடுக்கி, வாயு விட்டு, சூட்டை ஏற்றி இறக்கிப் பழுக்க வைப்பார்கள். எந்த அறை எந்த நிலையில் இருக்கிறது என்று காட்ட ஒவ்வொரு கதவுக்குப் பக்கத்திலும் ஒரு கருவி உண்டு. இருந்தாலும் கதவைத் திறக்கும் முன் அவளை ஒருமுறை கூப்பிடுவது வழக்கமாகிவிட்டிருந்தது. கதவில் இருக்கும் சின்ன மூடியைத் தள்ளி, அந்த ஓட்டையில் மூக்கை வைத்து, "இன்னும் பச்சை," "நாளைக்குப் பாக்கலாம்," "இப்பவே எடுத்துருங்க, தாங்காது" என்று சொல்லிவிட்டுப் போவாள். கருவி சொல்வதும் அவள் சொல்வதும் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும். இதைப் பெரிய திறமை என்று சொல்வதற்கில்லை. பழக்கடைக்காரர் வீட்டில் பிறந்து வளர்ந்தவள். பாடகர் வீட்டுப் பிள்ளைக்குச் சுருதி தெரிவதுபோல, அவ்வளவுதான்.

ஐம்பதைத் தாண்டிய வயதில் அவளுக்குச் சர்க்கரை கட்டுக்கடங்காமல் போயிற்று. கண்ணின் உட்புறத்தில் அது வேலையைத் தொடங்கிவிட்டது என்று கண் மருத்துவர் சொன்னார். மாத்திரைகள் மாறின, கூடின. கடைசியில் சர்க்கரை மருத்துவர், சாப்பாட்டையே மாற்றிப் பார்ப்போம் என்று சொல்லி, மாத்திரையின் அளவை மாற்றி எழுதி, அதே கட்டடத்தில் இருந்த உணவு ஆலோசகரிடம் அனுப்பினார். கண்ணாடியைத் தலைமேல் ஏற்றி வைத்துவிட்டு அதையே மேசையில் தேடுகிற இளம்பெண் அவர்.

"சோறு?" என்று கேட்டாள் மூக்கக்கா.

"கிடையாது."

"கொஞ்சமா?"

"கொஞ்சமாவும் கிடையாதும்மா."

"ரொட்டி?"

"அது சோத்தோட தம்பி. ரெண்டு பேரையும் வீட்டுக்குள்ள விடாதீங்க."

"அப்ப எதைத்தான் திங்கிறது?"

"முட்டை, மீன், கறி, வெண்ணெய், கீரை, வெள்ளரிக்காய், பாதாம். வயிறாரச் சாப்பிடலாம். ஆனா பகல் பதினொண்ணுல இருந்து சாயங்காலம் ஏழுக்குள்ள முடிச்சிரணும். மத்த நேரம் தண்ணி மட்டும். பழம் தொடவே கூடாது."

மூக்கக்கா சிரித்தாள். "பழம் எங்க வீட்டுக்குள்ள நாப்பது வருஷமா வர்றதில்ல."

வீட்டில் இருந்தது மூன்று பேர். அவள், பேருந்து ஓட்டும் கணவர், அவளுடைய அப்பா. மகன் வேறு ஊரில் வேலை பார்த்தான். அப்பாவுக்கு எண்பது நெருங்கிக்கொண்டிருந்தது. ஒரு காலத்தில் வீட்டு முன்னறையிலேயே பழக்கடை வைத்திருந்தவர், அதை மூடிவிட்டுத் துணி ஆலை ஒன்றின் வாசலில் காவலிருந்தார். அதிலிருந்தும் ஓய்வு பெற்றபின், மகள் வீட்டுச் சாப்பாட்டு அறையில் சுவர்க் கடிகாரத்துக்கு நேர் எதிரே ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருப்பதே அவர் வேலையாக இருந்தது. மகளின் புதுச் சாப்பாட்டு முறையைக் கேட்டதும் அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அதாவது கடை மாதிரி. நேரத்துக்குத் திறக்கணும், நேரத்துக்குச் சாத்தணும். அவ்வளவுதானே? அதை நான் பாத்துக்கறேன்."

அன்றிலிருந்து அந்த வீட்டுக்கு ஒரு கடைக்காரர் வந்துவிட்டார். விடுமுறை நாளில் அவள் கைமறதியாக எதையாவது வாயில் போடப் போனால், "இன்னும் கடை திறக்கல" என்று நாற்காலியிலிருந்து குரல் வரும். மாலையில் முள் ஏழைத் தொட்டதும் எழுந்துபோய்ச் சமையலறை விளக்கை அணைத்துவிட்டு, "சாத்தியாச்சு" என்பார். காலையில் அவளுக்கு முன்பே எழுந்து வந்து உட்கார்ந்தால், அவள் வேலைக்குக் கிளம்பும்வரை அந்த நாற்காலியை விட்டு அசையமாட்டார். அவருக்கு இப்படி ஒரு பொறுப்பு கிடைத்து வெகு காலம் ஆயிற்று.

தொடக்க நாட்கள் மோசமாக இருந்தன. தலை பாறையாகக் கனத்தது. கெண்டைக்கால் இழுத்துக்கொண்டது. எதிர்வீட்டுச் சோறு கொதிக்கும் மணம் சன்னல் வழியே வந்தபோது அவளுக்கு அழுகை வந்தது. அதற்கு அவளே வெட்கப்பட்டாள். உப்புப் போட்ட தண்ணீரைக் குடிக்கச் சொன்னார் ஆலோசகர். குடித்தாள். கணவர் எதிரே உட்கார்ந்து ரொட்டியை வெண்ணெயில் அழுத்தித் தின்றார்.

"அந்தப் பக்கம் திரும்பியாவது தின்னுங்களேன்."

"திரும்பித் தின்னா வேற எவளுக்கோ தின்னு காட்டற மாதிரி இருக்காதா?"

"வெண்ணெயை எனக்குக் குடுத்துட்டு ரொட்டியை மட்டும் தின்னுங்க."

"இப்படித்தான் குடும்பம் பிரியுது, பாத்தீங்களா மாமா" என்றார் அவர். அப்பா கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே சிரித்தார்.

பிறகு தலைக்கனம் விட்டது. பசி, எஜமான் இல்லாத வீட்டு நாயைப்போல எப்போதாவது வந்து பார்த்துவிட்டுப் போயிற்று. அந்தச் சமயத்தில்தான் அந்த வாசனை வரத் தொடங்கியது.

முதலில் தலையணையில். காலையில் எழுந்திருக்கும்போது, பழுத்துக் கனிந்து, கனிவையும் தாண்டிப்போன பேரிக்காயின் மணம். எழுந்து உட்கார்ந்தால் போய்விடும். அடுத்து, குளியலறைக் கண்ணாடியின் முன். பிறகு, கதவைத் திறந்து வீட்டுக்குள் நுழையும்போது, அவளுக்கு முன்பே யாரோ நுழைந்துவிட்டதைப்போல. வீட்டில் எங்கோ ஒரு பழம் அழுகிக்கொண்டிருக்கிறது என்று நினைத்தாள். கட்டிலுக்கு அடியில் பார்த்தாள். அலமாரியை நகர்த்திப் பின்னால் கைவிட்டுத் துழாவினாள்.

"என்ன தேடற?" என்றார் அப்பா.

"எலி ஏதோ செத்திருக்கும் போலப்பா."

"எனக்கு ஒண்ணும் தெரியல. என் மூக்குதான் எப்பவோ செத்துப்போச்சே."

அலமாரியை நகர்த்திப் பழம் தேடுவது அந்தக் குடும்பத்துக்குப் புதிதல்ல என்பது அவளுக்கு நினைவு வந்தது. அந்த நினைவை அவள் அதற்குமேல் நடக்கவிடவில்லை. வாசனை என்பது விநோதமான பொருள். வேண்டாத காட்சி என்றால் கண்ணை மூடிக்கொள்ளலாம். இதை மறுக்க வேண்டுமானால் மூச்சையே நிறுத்தவேண்டும். அதுவும் கொஞ்ச நேரத்துக்குத்தான் முடியும்.

கிடங்கில் ஒரு நாள், மூன்றாம் அறையின் மூடியைத் தள்ளி மூக்கை வைத்தவள் பதறிப் பின்வாங்கினாள். "போச்சு. மூணாவது மொத்தமும் போச்சு. அழுகலுக்கு மேல போயிருச்சு. திறங்க!"

கருவி அப்படி எதையும் காட்டவில்லை. ஆனாலும் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு மேற்பார்வையாளர் கதவைத் திறக்கச் சொன்னார். உள்ளே காய்கள் பச்சைப்பசேலென்று, கல்லைப்போல இருந்தன. விட்ட வாயு வெளியே போயிற்று.

"மூக்கக்கா, ஜலதோஷமா?" என்றார் மேற்பார்வையாளர்.

"இல்ல சார். நிஜமாவே வந்துச்சு."

அடுத்த வாரம் ஐந்தாம் அறையிலும் இதேதான் நடந்தது. இந்தமுறை மேற்பார்வையாளர் ஒன்றும் சொல்லாமல் போனார். அது திட்டுவதைவிட மோசமாக இருந்தது. பெட்டி தூக்கும் வண்டியை ஓட்டுகிறவன் அவளருகே வண்டியை நிறுத்தினான். வண்டியின் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் இரும்புக் கைகளுக்காக அவனைக் கொம்பன் என்பார்கள்.

"அக்கா, கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"சொல்லித் தொலை."

"பழம் அறைக்குள்ள இல்லக்கா. நீங்க பேசறப்பத்தான் வருது. நானே ரெண்டு மூணு தடவை கவனிச்சேன். திருட்டுத்தனமா ஏதாச்சும் பழரசம் கிழரசம் ஊத்திக்கறீங்களா?"

அவன் சிரித்துக்கொண்டே வண்டியை எடுத்தான். அவள் காலிப் பெட்டிகளின் மறைவுக்குப் போய், உள்ளங்கையைக் குவித்து வாய்மேல் வைத்து ஊதி, முகர்ந்தாள்.

பேரிக்காய். அதற்கடியில், நகப்பூச்சைத் துடைக்கும் மருந்தின் காரம். இது எந்தப் பழத்திலிருந்தும் வரும் மணம் அல்ல. ஆனால் அவளுக்கு இது நன்றாகத் தெரியும். இந்த வாசனைக்கு அருகே ஒரே பாயில் படுத்துத் தூங்கியிருக்கிறாள்.

அன்றே ஆலோசகரிடம் போனாள். "பயப்படாதீங்கம்மா, இது நல்லதுதான்" என்றார் அவர். "மாவுச்சத்து இல்லாததால உடம்பு கொழுப்பை எரிக்குது. அந்தப் புகை மாதிரி ஒண்ணு மூச்சுல வெளிய வருது. பழகப் பழகத் தானா குறைஞ்சிரும்."

"பழம் எதுவுமே திங்காம இப்படி வருமா?"

"பழத்துக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல."

"வேற யாருக்கு இந்த மாதிரி வரும்?"

"ரொம்பப் பட்டினி கிடந்தாலும் லேசா வரும். அப்புறம் சில சின்னப் பிள்ளைங்களுக்குச் சர்க்கரை வியாதி வரும். உடம்புல இன்சுலினே சுரக்காது. கண்டுபிடிக்காம விட்டா இந்த வாசனை பயங்கரமா வரும். ஓயாமத் தண்ணி கேக்கும், படுக்கையை நனைக்கும், இளைச்சுப் போகும். அது ஆபத்து. உங்களோடது அது இல்ல, ரத்தம் பாத்தாச்சு. நீங்க ஏன் கேக்கறீங்க?"

"சும்மாதான்" என்றாள் மூக்கக்கா.

வெளியே வந்து பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்தவள், மூன்று பேருந்துகளைப் போகவிட்டாள்.

அவளுக்கு ஒரு தம்பி இருந்தான். எதையாவது கொறித்துக்கொண்டே இருப்பான் என்று அணில் என்று கூப்பிடுவார்கள். பழக்கூடைகள் வீட்டுக்குள்ளேயே அடுக்கியிருக்கும். பிள்ளைகள் கை வைக்காமல் இருக்க அப்பா ஒரு வழி வைத்திருந்தார். கடை சாத்தியதும் காலிக் கூடையைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்து, இரண்டு பேரையும் எதிரே நிறுத்தி, "ஊது" என்பார். என்ன தின்றார்கள் என்று மூச்சிலேயே சொல்லிவிடுவார். வாழைப்பழத்துக்குக் காதைத் திருகுவார். ஆரஞ்சுக்குத் தலையில் ஒரு குட்டு. விலை கூடிய பேரிக்காய்க்கு அறை. பாதி அது விளையாட்டாகத்தான் நடந்தது. வெங்காயத்தைக் கடித்துவிட்டு வந்து அவர் மூக்கை ஏமாற்றப் பார்ப்பார்கள். அவர் முகத்தைச் சுளிப்பதைப் பார்த்து அம்மா சிரிப்பாள்.

அணிலுக்கு ஒன்பது வயதானபோது, சில வாரங்களாக அவன் வாயில் தினமும் பேரிக்காய் மணத்தது.

"தின்னலப்பா."

"ஊது."

ஊதுவான். அறை விழும். "தின்னலப்பா, சத்தியமா தின்னல." அப்பா கூடைகளை எண்ணிப் பார்த்தார், அலமாரியை நகர்த்தினார், கட்டிலுக்கு அடியில் ஒளித்துவைத்திருக்கிறானா என்று துழாவினார். எதுவும் கிடைக்காதது பையனின் சாமர்த்தியத்துக்குச் சான்றாயிற்று. அவன் இளைத்தான். திருட்டுத்தீனி எப்படி ஒட்டும் என்றார்கள். சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்தான். அவ்வளவு இனிப்பைத் தின்றால் தாகம் எடுக்காதா என்றார்கள். பாயை நனைத்தான். அதற்கும் காரணம் கூடையில் இருந்தது. எல்லாவற்றுக்கும் விடையாகப் பழம் இருந்த வீடு அது. வேறு எந்த வீட்டிலாவது பிறந்திருந்தால், பழமே இல்லாத வாயில் பழம் மணப்பதை யாராவது ஒருவர் அதிசயமாகவாவது பார்த்திருப்பார்கள்.

ஒரு காலை அவன் எழுந்திருக்கவில்லை. ஓடி வந்தவனைப்போல ஆழமாக இழுத்து இழுத்து மூச்சு விட்டான். ஆஸ்பத்திரியில், "சர்க்கரை ரொம்ப ஏறிப்போச்சு, லேட்டா கொண்டுவந்திருக்கீங்க" என்று சொன்னார்களாம். அந்த ஒரு வார்த்தை போதுமானதாக இருந்தது. பழக்கடைக்காரருக்குச் சர்க்கரை எங்கிருந்து ஏறும் என்று யாரும் விளக்கவேண்டியதில்லை. "தின்னு தின்னே போயிட்டான்" என்று அப்பா கேட்டவர்களுக்கெல்லாம் சொன்னார். கடையை மூடினார். அதன்பின் ஒரு பழமும் அந்தக் குடும்பத்தின் வாசலைத் தாண்டவில்லை. அம்மா இறக்கும்வரை அவர்கள் அதைப் பற்றிப் பேசவில்லை. மகள் பழக்கிடங்கில் வேலைக்குச் சேர்ந்தபோதும் அப்பா ஒன்றும் கேட்கவில்லை. வீட்டுக்குள் வருமுன் கைகால் கழுவிவிட்டு வா என்று மட்டும் சொன்னார்.

அப்பாவிடம் ஒரு கதை இருந்தது. பையன் திருடினான், தின்றான், அதனால் செத்தான். கொடுமையான கதைதான். ஆனால் ஒரு மனிதன் நாற்பது ஆண்டுகள் சாய்ந்துகொள்ளும் அளவுக்கு அதில் ஒரு சுவர் இருந்தது. அடித்தது தவறாக இருக்கலாம், ஆனால் அடித்த காரணம் தவறில்லை. அந்தச் சுவரை எடுத்துவிட்டால் மிஞ்சுவது உண்மை சொன்ன ஒரு பையனும், அவன் கன்னத்தில் ஒரு கையும் மட்டும். உண்மை எப்போதும் நல்லது செய்யும் என்று சொல்கிறவர்கள் அதை யாருடைய வீட்டுக்கும் தூக்கிக்கொண்டு போனதில்லை போலும். அவளுடைய உண்மையோ அவள் வாய்க்குள்ளேயே இருந்தது. ஒவ்வொரு முறை பேசும்போதும் வெளியே வந்தது. அப்பாவுக்கு இது தெரியக்கூடாது. அது ஒன்றுதான் அவளுக்கு வேண்டியிருந்தது.

கிராம்பை மென்றாள். அப்பாவிடம் பேசும்போது சமையலறைக்குள் நின்றபடி குரலை மட்டும் அனுப்பினாள். தட்டை அவர் முன் வைக்கும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னடி, அப்பாகிட்ட சண்டையா?" என்றார் கணவர். "பக்கத்துலயே போக மாட்டேங்கற."

"எனக்கு வாய் நாறுதுல்ல."

"அது எனக்கே பழகிருச்சு. அவருக்கு மூக்கே கிடையாது. அவருக்கு என்ன வந்தது?"

மூக்கு செத்துப்போச்சு என்று அப்பா சொன்னதை அவள் பிடித்துக்கொண்டிருந்தாள். ஆனால் சோறு அடிப்பிடிக்கும்போது அவர் நாற்காலியிலிருந்தே சொல்லிவிடுவதும் அவளுக்குத் தெரியும்.

மறுபரிசோதனையில் சர்க்கரை இறங்கியிருந்தது. கண்ணில் கோளாறு மேலே நகராமல் நிற்கிறது, இப்படியே போங்கள் என்றார் கண் மருத்துவர். அவள் வீடு திரும்பும் வழியில் ஒரு ரொட்டி வாங்கினாள். மாவுச்சத்து உள்ளே போனால் வாசனை நின்றுவிடும். கண் போவதென்றால் மெதுவாகத்தான் போகும். அப்பாவின் மூக்கோ இன்றைக்கே விழித்துக்கொள்ளலாம்.

மறுநாள் விடுமுறை. கணவர் அதிகாலை வண்டிக்குப் போயிருந்தார். அப்பா குளியலறையில் இருந்த நேரம் பார்த்து, அவள் ரொட்டியைப் பிரித்து ஒரு துண்டைக் கையில் எடுத்தாள். நாக்கு ஊறியது. அந்த ஆசைக்கும் தன் நல்லெண்ணத்துக்கும் இடையே கோடு எங்கே இருக்கிறது என்று அவளுக்கே தெரியவில்லை.

"கடை திறக்கல!"

ஈரத் தலையோடு அப்பா சமையலறை வாசலில் நின்றார். அவ்வளவு விரைவாக வருவார் என்று அவள் எதிர்பார்க்கவில்லை.

"அதுவும் ரொட்டி. வை கீழ."

"ஒரு துண்டுதானேப்பா."

"கண்ணு போனா அந்தத் துண்டு வந்து கூட்டிட்டுப் போகுமா உன்னை? குடு இங்க." அவர் கிட்டே வந்து அவள் விரல்களிலிருந்து ரொட்டியை எடுத்தார். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "ஏன் மூஞ்சியத் திருப்பற? நான் என்ன அடிக்கவா போறேன்?"

"இல்லப்பா" என்றாள். அந்த ஒரு சொல் போதுமானதாக இருந்தது.

அவர் கை அப்படியே நின்றது. மூக்கின் ஓரங்கள் விரிந்து சுருங்கின.

"பழம் தின்னியா?"

"இல்லப்பா. தின்னல."

சொன்னபின்தான், தான் சொன்னது யாருடைய வார்த்தை என்பது அவளுக்கு உறைத்தது. அவருக்கும் உறைத்திருக்க வேண்டும்.

"ஊது" என்றார்.

பேரன் பேத்தி எடுக்கும் வயதில், அடுப்புக்கும் சுவருக்கும் நடுவே நின்றுகொண்டு, அவள் அப்பாவின் முகத்துக்கு நேரே வாயைக் குவித்து ஊதினாள். அவர் கண்களை மூடி முகர்ந்தார்.

"பேரி."

"கிடங்குல ஒட்டிக்கிட்டதுப்பா. வேலை செய்யற இடம் அப்படி."

"அது தோல்ல வரும். இது உள்ள இருந்து வருது." கடிகாரம் இருந்த பக்கம் அவர் தலை திரும்பியது. "நேத்து நான்தான் கடை சாத்தினேன். விளக்கை அணைச்சேன். காலையில உனக்கு முன்னாடியே எந்திரிச்சு உக்காந்திருந்தேன். நீ தண்ணியைத் தவிர எதுவும் தொடல."

அவருக்குச் சாட்சி சொல்ல வேறு யாரும் தேவைப்படவில்லை. அவரே காவலிருந்தவர்.

"பழமே திங்காம இப்படி வருமா?"

பொய் சொல்ல நேரம் இருந்தது. அவள் எவ்வளவோ பொய்களை ஒத்திகை பார்த்து வைத்திருந்தாள். ஆனால் அந்தக் கேள்வியை, அதே சொற்களில், அவளும் ஆலோசகரிடம் கேட்டிருந்தாள்.

"வரும்ப்பா. சர்க்கரை வியாதின்னா வரும். சின்னப் பிள்ளைங்களுக்கும் வருமாம்."

அவர் ரொட்டித் துண்டை மேடைமேல் வைத்தார். அது நேராக இல்லை என்று சரிசெய்து வைத்தார்.

"அப்ப அவன் பொய் சொல்லல."

"யாருக்குமே தெரியாதுப்பா அப்போ."

"அவனுக்குத் தெரியும்" என்றார் அப்பா. "தின்னலன்னு அவனுக்குத் தெரியும்."

அன்று கடையை யாரும் திறக்கவில்லை. நாற்காலி காலியாக இருந்தது. அவர் தன் அறையில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். மாலையில் அவளே எதையோ சாப்பிட்டு, அவளே விளக்கை அணைத்தாள்.

மறுநாள் காலை அவள் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது அவர் வந்து எதிரே நின்றார். "ஊது."

ஊதினாள்.

"தின்னியா?"

"தின்னலப்பா."

"சரி" என்றார். அவ்வளவுதான். திரும்பிப் போய் நாற்காலியில் உட்கார்ந்தார்.

அதற்கு மறுநாளும். அதற்கு மறுநாளும். நாற்பது ஆண்டுகள் தள்ளிப் போயிருந்த விசாரணை திரும்ப நடந்தது. தீர்ப்பு ஒவ்வொரு நாளும் மாறாமல் வந்தது. அவள் "தின்னல" என்று சொல்லும்போது அவர் அவளைப் பார்க்கவில்லை. அவள் தோளுக்குக் கீழே, ஒன்பது வயதுப் பையனின் தலை இருக்கும் உயரத்தில் பார்த்தார். அந்த இடத்தைத் திரும்பிப் பார்க்க அவளுக்குத் துணிவில்லை. ஒருநாள் "சரி" என்பதோடு, "போய் விளையாடு" என்றும் சொன்னார். சொன்னது அவருக்கே கேட்டதாகத் தெரியவில்லை.

கணவர் ஒருநாள் இதைப் பார்த்துவிட்டார். "என்ன மாமா, குடிச்சிட்டு வண்டி ஓட்டறாளான்னு சோதனையா? டிப்போவுல எங்களைத்தான் இப்படி நிக்கவச்சு ஊதச் சொல்லுவாங்க."

அப்பா சிரிக்கவில்லை. அவளும் சிரிக்கவில்லை. கணவர் இருவர் முகத்தையும் பார்த்துவிட்டுச் சட்டைப் பொத்தானைப் போடத் தொடங்கினார். பிறகு அவளிடம் எல்லாவற்றையும் கேட்டுத் தெரிந்துகொண்டு, "நிறுத்திரு" என்றார்.

"எதை? சாப்பாட்டு முறையையா, ஊதறதையா?"

அவர் வண்டிக்குக் கிளம்பிப் போனார்.

ஆலோசகர் சொன்னதுபோலவே, வாசனை குறைய ஆரம்பித்தது. உடம்பு கொழுப்பை எரிக்கப் பழகிக்கொண்டுவிட்டது. கிடங்கில் அவள் மூக்கு மறுபடி ஒழுங்காக வேலை செய்தது. "அக்கா திரும்பி வந்துட்டாங்கடா" என்றான் கொம்பன். படிக்கட்டு ஏறினால் மூச்சு வாங்கவில்லை. பழைய சட்டைகள் தொளதொளத்தன. எல்லாம் சரியாகிக்கொண்டிருந்தன. காலையில் அப்பா முகரும் நேரம் மட்டும் நீண்டுகொண்டே போயிற்று. கண்ணை மூடி, மறுபடி ஊதச் சொல்லி, இன்னும் கிட்டே வந்து முகர்ந்தார். ஒருநாள் அவர் "தின்னியா" என்று கேட்கவே இல்லை. கேட்பதற்கு அங்கே யாரும் இல்லாததுபோலத் திரும்பிப் போனார். அன்று மதியம் அப்பா சாப்பிடவில்லை என்று கணவர் சொன்னார். அடுத்த நாளும் பாதித் தட்டுத்தான்.

தெரியக்கூடாது என்று அவள் பாதுகாத்த மனிதர், தெரிந்த பிறகு, தெரிய வைத்த அந்த வாசனையின் கையைப் பிடித்துக்கொண்டுதான் நின்றுகொண்டிருந்தார். இப்போது அதுவும் போய்க்கொண்டிருந்தது.

பட்டினி கிடந்தாலும் வரும் என்று ஆலோசகர் சொன்னது அவளுக்கு நினைவிருந்தது. கிடங்குக்கு எடுத்துப்போன சாப்பாட்டுப் பெட்டியை அவள் திறக்கவில்லை. மாலையில், "அங்கயே நிறையச் சாப்பிட்டேன்" என்று சொல்லிவிட்டுப் படுத்தாள். மறுநாளும் அப்படியே செய்தாள். மூன்றாம் நாள் காலை எழுந்து நின்றபோது தரை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு, கையில் ஊதி முகர்ந்து பார்த்தாள். இருந்தது.

அப்பா வந்து நின்றார். அவள் ஊதினாள்.

அவர் முகம் மலர்ந்ததை அவள் பார்த்தாள். உடனே அது மாறியதையும் பார்த்தாள். அவர் அவள் தோளுக்குக் கீழே பார்க்கவில்லை. அவளையே பார்த்தார். பிறகு நகர்ந்து போய், கதவோரம் மாட்டியிருந்த அவள் பையிலிருந்து சாப்பாட்டுப் பெட்டியை எடுத்துத் திறந்தார். முட்டைகள் முழுசாக இருந்தன. வெள்ளரித் துண்டுகள் வாடிக் கிடந்தன.

"இது என்ன?"

"பசிக்கலப்பா."

"எனக்காகவா?"

அவள் தலை குனிந்தாள். அவர் பெட்டியை மூடப் பார்த்தார். மூடி சரியாக உட்காரவில்லை. விட்டுவிட்டு வந்து அவள் முகவாயைப் பிடித்து நிமிர்த்தினார்.

"உதடெல்லாம் வெடிச்சிருக்கு" என்றார். "தண்ணியும் குடிக்கலயா?"

"குடிச்சேன்."

"அவனுக்கும் இப்படித்தான் வெடிச்சிருந்தது." அவர் குரல் எந்த ஏற்ற இறக்கமும் இல்லாமல், கடையில் யாருக்கோ விலை சொல்வதுபோல வந்தது. "கடைசி நாள். நீ தூங்கிட்டிருந்த. அப்பா தண்ணி, அப்பா தண்ணின்னான். பாயை நனைக்கிறான்னு நான் சொம்பை எடுத்துப் பரண்மேல வச்சிட்டேன். எட்டாது அவனுக்கு. உங்கம்மாகிட்ட கூடச் சொல்லல. தப்புன்னு அப்ப தோணல. பழம் தின்னா தண்ணி கேக்கத்தானே செய்வான், திங்காம இருந்தா கேக்கமாட்டான்ல, அப்படின்னு நினைச்சேன்."

அவள் பாதுகாக்க நினைத்தது இதைத்தான். இது என்னவென்று தெரியாமலே காத்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

"அப்பா" என்றாள்.

அவர் சமையலறைக்குள் போனார். குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. விளிம்பு வழிய ஒரு டம்ளரைக் கொண்டுவந்து நீட்டினார். வழிந்ததில் அவர் விரல்களெல்லாம் நனைந்திருந்தன.

"குடி."

குடித்தாள். வெறும் வயிற்றில் தண்ணீர் குளிர்ந்து இறங்குவது தெரிந்தது. காலி டம்ளரை வாங்கிக்கொண்டு போனவர் மறுபடி நிரப்பிக் கொண்டுவந்தார்.

"குடி."

அதையும் குடித்தாள். போதும் என்று சொல்ல வாயெடுத்தாள். அவர் ஏற்கெனவே திரும்பிச் சமையலறைக்குள் போய்விட்டிருந்தார். குழாய் ஓடிக்கொண்டிருந்தது.